திரும்பச் சொல்லாத உத்தரவு

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இக்கடிதம் வந்து சேரும்போது உன் உடல்நலமேனும் சீராக இருக்கட்டும். தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நீ இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும் என்பதே.

விசாரணை வரும் பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு, துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். உடன்பிறந்தவன் ஆகையால் உனக்காக நான் வாதாடுவது முறையாகாது. என் வழக்கறிஞர் நண்பர் வருவார். நிதானமானவர், காது மட்டும் சற்று மந்தம், உரக்கப் பேசு.

குழுவின் முன் இருப்பவை இவை. அன்று காலை மூடுபனி. நுழைவுக் கால்வாயில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் செல்லலாம். அதில் ஒரு சரக்குக் கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே வரவேண்டிய கப்பலைத் துறைமுகத்துக்குள் செலுத்த வழிகாட்டியாக ஏறியிருந்தவர் நம் மாப்பிள்ளை, உன் அக்காவின் கணவர். ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, வெளிமிதவை அருகே நிற்கும்படி கட்டுப்பாட்டு அறையிலிருந்து நீ ரேடியோவில் சொன்னாய். "நிற்பதாக வழிகாட்டி திரும்பச் சொன்னார்" என்று உன் பதிவேடு கூறுகிறது; உத்தரவைக் கேட்டவர் அதைத் தம் வாயால் திரும்பச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ஒலிப்பதிவுக் கருவி அந்த வாரம் பழுது. உயிர்தப்பிய அக்கப்பலின் தலைவர், அப்படி ஓர் உத்தரவே காதில் விழவில்லை என்கிறார். தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிறார் எனக் குழு கருதுகிறது. ஆகவே, ஒப்புக்கொண்ட உத்தரவை மீறிக் கப்பலை உள்ளே கொண்டுவந்து, சரக்குக் கப்பலோடு மோதவிட்டு, தாமும் மாண்டு நான்கு மாலுமிகளையும் சாகடித்தவர் மாப்பிள்ளை என்றே அறிக்கை முடியும்.

குழுவின் முன் இல்லாத ஒன்றும் உண்டு. இழுவைப் படகை ஓட்டுபவர் சென்ற செவ்வாயன்று என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "கயிறு தயாரா வைங்கன்னு உங்க தம்பி முன்னாடியே சொல்லியிருந்தாரு சார். சரின்னு சொல்ல ஏழு பன்னெண்டு வாக்குல மைக்க ரெண்டு தடவ அமுக்கினேன், அவ்வளவுதான். தம்பி என்ன சொல்றாரோ அதையே நானும் சொல்லிடறேன்" என்றார். வாய்திறந்து திரும்பச் சொல்வது உங்களிடையே என்றோ நின்றுபோய், பொத்தானை இருமுறை அமுக்குவதே பதிலாகிவிட்டதை அன்றுதான் அறிந்தேன். மாப்பிள்ளையின் பதில் என்று நீ எடுத்துக்கொண்ட ஒலி மாப்பிள்ளையுடையதல்ல, இந்தப் படகுக்காரருடையது. பதிவேட்டில் அந்த வரியை மோதலுக்கு முன் எழுதினாயா, பின் எழுதினாயா என்று நான் கேட்கவில்லை.

உன் அக்கா எங்களுடன்தான் இருக்கிறாள். பதிவேட்டின் நகலை அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தேன், எடுத்துப் படித்துவிட்டாள். படித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

"திரும்பச் சொன்னாராமா? சாப்பாடு போதுமான்னு கேட்டா மேசைய ரெண்டு தட்டு தட்டுற மனுஷன் அண்ணா அவர். பத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு பதில் முழுசா சொன்னதில்ல. சின்னவன்கிட்ட மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் ஒப்பிச்சாரா?" என்றாள்.

பிறகு நகலை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவன் சாப்பிடறானா?" என்று கேட்டாள்.

சட்டத்தின் நிலையை மறைக்க மாட்டேன். பதிவேடு அப்படியே நின்றால் உன்னை யாராலும் அசைக்க முடியாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சிறையும் கிடைக்கலாம், ஈராண்டுக்குக் குறையாது என அஞ்சுகிறேன். படகு ஓட்டுபவரை நான் தூண்டவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். இறந்தவருக்கு வழக்கறிஞர் எவரும் நியமிக்கப்படவில்லை என்பதை மட்டும் உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பன்னிரண்டாம் தேதியே வந்துவிடு. அவனுக்குக் கதவைத் திறப்பாயா என்று உன் அக்காவிடம் கேட்டுவிட்டேன். திறப்பேன் என்றாள்.

ஒரு வேண்டுகோள். "படித்தேன், சரி" என்று இரண்டு சொல் அனுப்பாதே. அன்று ரேடியோவில் நீ கேட்டது என்ன, பதிவேட்டில் எழுதியது என்ன என்பதை உன் கையெழுத்தில், முழு வாக்கியங்களில் எனக்கு எழுது. உன் மௌனத்தைச் சம்மதம் என்று நான் குறித்துக்கொள்ள மாட்டேன்.

நீ நெடுநாள் இருக்க வேண்டும், தம்பி. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்