மாணவியர் படிவத்தில் ஊர் கேட்ட நிரல்

அனுப்புநர்:
திருமதி யோகராணி குலேந்திரன்,
ஆலோசகர், பல்பண்பாட்டு மாணவர் அமைப்புகள்,
மாணவர் சேவைப் பிரிவு, உயர்கல்லூரி, ஒஸ்லோ.
(வீடு: ஹவுகன்ஸ்டுவா)

பெறுநர்:
திரு. வ. அருளானந்தன் அவர்கள்,
தலைவர்,
வெண்தாமரை தமிழர் நலன்புரி மன்றம்,
ஒஸ்லோ.

பொருள்: தமிழ் மாணவியர் வட்டத்தின் உறுப்பினர் படிவங்களில் பெற்றோரின் ஊர் கேட்கப்பட்டமை, அத்தகவலைக் கொண்டு வட்டத்தின் தலைவர் செல்வி அபிஷா சின்னராசா விளக்கேற்றலில் இருந்து நீக்கப்பட்டமை ஆகியன தொடர்பான முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வியாழக்கிழமை நான் தொலைபேசியில் இவ்விடயத்தைச் சொன்னபோது, "இதைப் பெருப்பிக்காதேங்கோ தங்கச்சி, எழுத்திலை ஒண்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டீர்கள். நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். எழுத்தில்தான் வேண்டும் என்று தீர்மானித்து எழுதுகிறேன். தங்கச்சி என்று நீங்கள் அழைத்ததை மதிக்கிறேன். ஆனால் இம்மனுவை அந்த உறவில் அல்லாமல், நான் பார்க்கும் உத்தியோகத்தின் பொறுப்பில் அனுப்புகிறேன்.

1. மேற்படி உயர்கல்லூரியில் ஆறு வருடங்களாகப் பல்பண்பாட்டு மாணவர் அமைப்புகளுக்கு ஆலோசகராகக் கடமையாற்றுகிறேன். பாகிஸ்தானியர், சோமாலியர், வியட்நாமியர், பொஸ்னியர், தமிழர் என எட்டு அமைப்புகள் என் பொறுப்பில் உள்ளன. யாப்பு எழுதுவது, பொதுக்கூட்டம் நடத்துவது, அறைக்கு விண்ணப்பிப்பது, சண்டை பிடித்தால் சமாதானம் செய்வது எல்லாம் என் வேலை. தமிழ் மாணவியர் வட்டம் மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கியது. ஒரு தவணை அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த செல்வி கம்சிகா, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மாணவியர் சகோதரியர் அமைப்புகளாகச் சேர்ந்திருப்பதைக் கண்டு அந்த எண்ணத்தை இங்கே கொண்டுவந்தார். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவிக்கும் மேல் வகுப்பில் இருந்து ஒரு 'மூத்த சகோதரி' கொடுக்கப்படுவார். பாடப் புத்தகம் எங்கே மலிவு என்பதில் இருந்து, சோதனையில் சித்தியடையாவிட்டால் வீட்டில் எப்படிச் சொல்வது என்பது வரை அந்த அக்காதான் வழிகாட்டி. சும்மா சொல்லக்கூடாது, என் எட்டு அமைப்புகளிலும் ஒழுங்காக நடப்பது அதுதான்.

2. இவ்வருடம் வட்டத்தின் கலைமாலையை 28.10.2006 சனிக்கிழமை தங்கள் மன்ற மண்டபத்தில் நடத்த அனுமதி தந்தீர்கள். அதற்கு வட்டம் மன்றத்தின் இணை அமைப்பாகப் பதியப்பட வேண்டும் என்றும், உறுப்பினர் விபரம் மன்றத்தின் படிவத்தில் தரப்பட வேண்டும் என்றும் செயலாளர் திருமதி செல்வமலர் அறிவித்தார். கல்லூரிக்குத் தேவை பெயரும் பிறந்த திகதியும் மட்டுமே. பிள்ளைகள் இரண்டு படிவம் நிரப்பி அலையக்கூடாதே என்று நல்லெண்ணத்தில் தங்கள் படிவத்தையே எல்லோருக்கும் கொடுத்தேன். அதில் நாலாவது நிரல் 'ஊர்'.

3. முப்பத்துநாலு மாணவியரில் பத்தொன்பது பேர் அந்த நிரலில் ஹவுகன்ஸ்டுவா, குறொன்லாண்ட் என்று தாங்கள் குடியிருக்கும் இடத்தை எழுதியிருந்தனர். செல்வி அபிஷா 'லில்லெஸ்ட்ரோம்' என்று எழுதியிருந்தார். மூன்று வயதில் நோர்வேக்கு வந்த பிள்ளை வேறு எதை எழுதும்? அந்தப் பத்தொன்பது படிவங்களும் 04.09.2006 அன்று திரும்பி வந்தன. "ஊர் பிழை. தாய் தகப்பனின் ஊரை எழுதி அனுப்பவும்" என்று ஒரு துண்டு குத்தியிருந்தது.

4. இனி எழுதுவது என் பிழை. இதை எவரும் என்மேல் சுமத்தவில்லை, நானே சொல்கிறேன். அந்தப் பத்தொன்பது வீடுகளுக்கும் நானே தொலைபேசி எடுத்தேன். 06.09.2006 புதன்கிழமை அபிஷாவின் தாயார் திருமதி பூமணியுடன் கதைத்தேன். நானும் அவரும் 1989 இல் நோர்வேஜிய மொழி வகுப்பில் ஒரே மேசையில் இருந்து படித்தவர்கள். "பூமணி, உங்கடை ஊர் எது?" என்று கேட்டேன். "அது ஏன் ராணியக்கா இப்ப கேக்கிறியள்?" என்றார். "சும்மா, ஒரு போமுக்கு" என்றேன். அவர் சொன்னார். நான் நீலப் பேனாவால் அதை எழுதினேன். பதினேழு வருடப் பழக்கத்தில் நான் கேட்காத, அவரும் சொல்லாத ஒன்றை ஒரு நிமிடத்தில் வாங்கி, இரண்டு நாளில் திருமதி செல்வமலரின் கையில் கொடுத்தேன்; அவர் அதைத் தன் கொப்பியிலும் குறித்துக்கொண்டார்.

5. இதில் என்னை நானே மன்னிக்க முடியாத ஒரு சங்கதி உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் சோமாலிய மாணவர் சங்கத்தின் படிவத்தில் குலப் பெயர் கேட்கும் நிரல் ஒன்று இருந்தது. அதைக் கண்ட உடனே சிவப்புக் கோடு போட்டு, இது இந்தக் கல்லூரியில் நடவாது என்று சொன்னவள் நான். அந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்காமல் அன்றைக்கே அதை எடுத்துவிட்டார்கள். மற்றவருடைய படிவத்தில் பளிச்சென்று தெரிந்தது எங்களுடைய படிவத்தில் என் கண்ணில் படவேயில்லை. காரணமும் எனக்குத் தெரியும். என் ஊரை எழுத எனக்கு ஒருபோதும் கை தயங்கியதில்லை. தயங்கத் தேவையில்லாத இடத்தில் பிறந்தவள் நான்.

6. அதன்பின் நடந்தவை: அபிஷாவை மூத்த சகோதரியாகப் பெற்ற மூன்று முதலாம் வருட மாணவியரில் இருவரின் தாய்மார் எனக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளையை வேறு அக்காவிடம் மாற்றித் தரும்படி கேட்டனர். காரணம் கேட்டதற்கு ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மற்றவர், "உங்களுக்குத் தெரியாததே அக்கா?" என்றார். எனக்கு உண்மையாகவே அப்போதும் விளங்கவில்லை. 20.09.2006 அன்று மன்றத்தில் இருந்து வந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பின்தான் விளங்கியது. நாங்கள் அனுப்பியதில், மங்கள விளக்கேற்றல்: வட்டத்தின் தலைவர் செல்வி அபிஷா என்று இருந்தது. திரும்பி வந்ததில் துணைத்தலைவர் செல்வி கம்சிகாவின் பெயர் இருந்தது. கம்சிகா தானே திருமதி செல்வமலருக்குத் தொலைபேசி எடுத்து ஏன் என்று கேட்டிருக்கிறார். "உமக்கென்ன, சொன்னதைச் செய்யும்" என்பதே பதில். நான் கேட்டபோது செல்வமலர் சற்று விபரமாகச் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா சபையிலை பெரியாக்கள் முன்வரிசையிலை இருக்கேக்கை... ஆக்கள் கதைப்பினம் அக்கா, நாங்கள் என்ன செய்யிறது."

7. ஐயா, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவரும் கதைக்கவில்லை, கதைப்பார்கள் என்ற பயத்துக்கே ஒரு பிள்ளையின் கையில் இருந்த தீக்குச்சியைப் பறித்திருக்கிறோம். அந்த ஊருக்கு இன்று போகப் பாதை இல்லை. பாதி வீடுகள் உடைந்து கிடக்கின்றன, ஆட்கள் முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே எவருக்கும் உதவாத ஊரின் பெயர், இங்கே ஒஸ்லோவில் யார் விளக்குக் கொளுத்தலாம் என்று பார்க்க மட்டும் உதவுகிறது. அந்த ஊரின் பெயரையோ, செல்வமலர் தொலைபேசியில் மெதுவாகச் சொன்ன சாதிப் பெயரையோ இதில் நான் எழுதவில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

8. செல்வி அபிஷா தாதியியல் மூன்றாம் வருடம் படிக்கிறார். இருபத்தொரு வயது. சென்ற மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் முப்பத்தொரு வாக்குகளால் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர். தான் நீக்கப்பட்ட காரணத்தை அவர் தாயிடம் கேட்டுத்தான் அறிந்துகொண்டார். அதுவரை அந்தச் சொல்லே அவருக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் வளர்க்கவேண்டும் என்றுதான் தாயும் தகப்பனும் தமிழர் நெருங்கி இருந்த இடத்தை விட்டு லில்லெஸ்ட்ரோமுக்குக் குடிபோனார்கள் என்பதை இப்போது நானும் அறிகிறேன். "பதினெட்டு வருசம் வாய் திறக்கேல்லை ராணியக்கா. நீங்கள் கேட்டபடியால்தான் சொன்னனான்" என்று பூமணி சொன்னார். அவர் என்னை ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை.

9. 25.09.2006 அன்று அபிஷா தலைவர் பதவியில் இருந்து விலகுவதாக எனக்கு நோர்வேஜிய மொழியில் இரண்டு வரிக் கடிதம் தந்தார். தனிப்பட்ட காரணம் என்று மட்டும் எழுதியிருந்தார். வட்டத்தின் யாப்பின்படி நிர்வாகக் குழு கூடி ஏற்கும் வரை விலகல் செல்லாது. குழு 16.10.2006 திங்கட்கிழமை கூடுகிறது. அந்தப் பிள்ளை இப்படித் தலை குனிந்துகொண்டு போனால், அடுத்த வருடம் அந்தப் படிவத்தை நிரப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இடம் எது என்று நாங்களே சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

10. தொலைபேசியில் தாங்கள் சொன்ன நியாயங்களுக்கும் பதில் தரக் கடமைப்பட்டுள்ளேன். ஊர் கேட்பது நலன் விசாரிக்கத்தான், ஊர்ச் சங்கங்களுக்கு அறிவிக்கத்தான் என்றீர்கள். அப்படியானால் பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் நலம் விசாரித்து ஒரு அழைப்பும் போகவில்லையே, ஏன்? மன்றத்தில் சாதி பார்ப்பதில்லை என்றீர்கள். யாப்பில் அப்படித்தான் இருக்கிறது, வாசித்தேன். அதனால்தான் வாயால் கேட்க முடியாததைப் படிவத்தால் கேட்கிறோம். தாங்கள் நேரே இதைச் செய்யவில்லை என்பதையும், தங்களிடம் சொல்லாமலே நிகழ்ச்சி நிரல் மாற்றப்பட்டது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தெரிந்த பின்னும் நாலு நாளாக அது மாற்றப்படாமல் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) மன்றத்தின் எல்லாப் படிவங்களிலும் 'ஊர்' என்ற நிரல் நீக்கப்பட வேண்டும். விருப்பமானவர்கள் நிரப்பலாம் என்று கீழே ஒரு குறிப்புப் போட்டுத் தப்பக்கூடாது. நிரப்பாமல் விடுகிறவர் யார் என்றுதான் அடுத்துப் பார்ப்பார்கள்.

(ஆ) முப்பத்துநாலு படிவங்களும், அவற்றின் பிரதிகளும், திருமதி செல்வமலர் தன் கொப்பியில் எடுத்த குறிப்பும் என்னிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

(இ) மாணவியர் அனுப்பிய நிகழ்ச்சி நிரல் அப்படியே அச்சிடப்பட வேண்டும். அதை மாற்றியது பிழை என்று மன்றத்தின் கடிதத்தாளில், தங்கள் கையொப்பத்துடன், வட்டத்துக்கு எழுத வேண்டும். அபிஷாவைத் தனியே கூப்பிட்டு, "மனசிலை வைச்சிருக்காதேயும் பிள்ளை" என்று தோளில் தட்டி அனுப்புவது போதாது. சபை பார்க்கச் செய்ததைச் சபை பார்க்கத்தான் திருத்தவேண்டும்.

இவற்றுக்கான பதில் 16.10.2006 ஆம் திகதிக்கு முன் எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கலைமாலை எங்கள் கல்லூரி உணவுச்சாலையில் நடக்கும். இடத்தை ஏற்கெனவே பதிந்துவிட்டேன். கூரை தாழ்வு, ஒலி சரியில்லை, பரவாயில்லை. அத்துடன், தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் அரச அலுவலகத்துக்கு முறையாக முறைப்பாடு செய்வேன். அதில் குற்றம் செய்தவர் வரிசையில் முதலாவது பெயர் என்னுடையது. சம்மதம் இல்லாமல் தகவலை வெளியாருக்குக் கொடுத்தேன் என்பதை 29.09.2006 வெள்ளிக்கிழமை என் மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். என் வேலை தற்காலிக நியமனம். போகலாம். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் செய்ய இனி எவராலும் முடியாது என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

இம்மனுவை நேற்று ஞாயிற்றுக்கிழமை லில்லெஸ்ட்ரோமுக்குக் கொண்டுபோய்த் தாய்க்கும் மகளுக்கும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவர்களுடைய விஷயம், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் இரண்டாம் முறையும் என் கையால் வெளியே போகக்கூடாது என்பதற்காக. பூமணி நடுவில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். திரும்பி வந்து, "ரீ ஆறுது, குடிச்சிட்டு வாசியுங்கோ" என்றார். முடிந்ததும், "அனுப்புங்கோ" என்றார். அபிஷா தானும் கையொப்பம் வைக்கவேண்டும் என்று கேட்டார். 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். "அது வேண்டாம் அன்ரி" என்று பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டு, தமிழில், எழுத்துக் கூட்டி, தானே எழுதினார். அவரிடம் இருந்து பெற்ற விலகல் கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மேலே கேட்டவற்றைத் தங்கள் மன்றம் தாமதிக்காமல் நிறைவேற்றும் என்று எதிர்பார்த்து முடிக்கிறேன்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 02.10.2006

இங்ஙனம்,

(ஒப்பம்)
யோகராணி குலேந்திரன்
ஆலோசகர்

(ஒப்பம்)
அபிஷா சின்னராசா
தலைவர், தமிழ் மாணவியர் வட்டம்