சிவப்பைச் சரியாகக் காட்டும் மானிட்டர்

3 மார்ச், திங்கள்
என் வீட்டுக்கே போன் போட்டு எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்!

அக்காவும் அவள் மகள் வேல்விழியும் என்னோடுதான் இருக்கிறார்கள். வேல்விழி செராமிக் யூனிட்டுக்குக் கப்பில் ஒட்டும் பூப்படம் வரைந்து அனுப்புகிறாள். இரண்டு முறை அவள் போட்ட சிவப்பு சூளையிலிருந்து பழுப்பாக வந்துவிட்டது. லேப்டாப் நிறத்தைப் பொய்யாகக் காட்டுகிறதாம். மூன்றாவதும் தப்பினால் வேலை வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். நல்ல மானிட்டர் வேண்டும்.

பெங்களூரிலிருந்து என் மாப்பிள்ளை பிரவீன்குமார் போனில், "மாமா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. நான் ஆர்டர் போட்டுடறேன், உட்டுடுங்க" என்கிறார்.

விடுவேனா? இருபத்தாறு வருஷம் பீங்கானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூசியவன். வெள்ளையிலேயே நாற்பது வெள்ளை தெரியும். நூறு என்றே எழுதலாம்.

4 மார்ச்
கம்ப்யூட்டர் விற்கும் ஜூடு கடைக்கு டேப்போடு போனேன். ஒரு மானிட்டரில் 24 இஞ்ச் என்று போட்டிருந்தது. அகலம் அளந்தால் 21. விட்டேனா பார்! வேடிக்கை பார்க்க ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். "மூலைக்கு மூலை அளக்கணும்ணே" என்றான் ஜூடு. அளந்தேன். 24. அவனைச் சோதித்தேன், அவ்வளவுதான்.

5 மார்ச்
மாப்பிள்ளை அனுப்பிய பட்டியலைப் பிரித்து மேய்ந்தேன். 27 இஞ்ச், 165 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் படம் எத்தனை தடவை புதுசாகிறது என்பது. விளையாடுகிறவனுக்கு அது வேண்டும். கப்பில் இருக்கிற பூ எங்கே ஓடப்போகிறது? 60 போதும். 24 இஞ்சில் இருக்கிற அதே ஃபுல் எச்டி புள்ளிகளைப் பெரிய திரையில் பரப்பினால் படம் சொரசொரக்கும். எங்களுக்கு வேண்டியது நிறம்: எப்படிச் சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற நிற அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. எல்லாம் நானே கண்டுபிடித்தது. வேல்விழி கொஞ்சம் உதவினாள்.

6 மார்ச்
ஜூடு கடையில், மாப்பிள்ளை சொன்ன பெரியதிலும் நான் சொன்ன சின்னதிலும் வெறும் வெள்ளையைப் போடச் சொன்னேன். தட்டில் கிளேஸ் பார்ப்பதுபோல் பக்கத்தில் சாய்ந்து பார்த்தேன், கீழே குனிந்து பார்த்தேன்.

"யாருண்ணே தரையில குந்திக்கினு கம்ப்யூட்டர் பாப்பாங்க?"

"நான் பாப்பேன்டா, உனக்கென்ன?"

பெரியது கறுத்தது. சின்னது அசையவில்லை. சின்னதையே வாங்கினோம்.

14 மார்ச்
புது மானிட்டரில் நிறம் பார்த்து வேல்விழி அனுப்பிய படத்தோடு கப் வந்தது. பழுப்பு.

வேல்விழி அழுகிறாள். போச்சா? எல்லாம் போச்சா? மாப்பிள்ளை போன் – நான் எடுக்கவில்லை.

அப்புறம், கப்பில் ஒட்டுவதற்கு அச்சடித்த தாளில் மீதி இருந்ததைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். திரையிலும் தாளிலும் ஒரே சிவப்பு! தப்பு இவகிட்ட இல்ல, நெருப்புல! பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

15 மார்ச்
தாளையும் கப்பையும் எடுத்துக்கொண்டு வேல்விழியோடு யூனிட்டுக்குப் போனேன். முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே மேசைமேல் வைத்தேன். "தாள்ல சிவப்பு, கப்புல பழுப்பு. நடுவுல உங்க சூளைதானுங்க இருக்குது."

சூளை பார்க்கும் காத்தவராயன் தலையைச் சொறிந்தான். "சூடு கொஞ்சம் தூக்கிடுச்சுண்ணே... மூணு வாட்டியும்."

முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் இன்னும் ஆயிரம் கப் சுட்டிருக்கலாம். அதே தாளை ஒட்டி மறுபடி சுடச் சொன்னார்.

19 மார்ச்
சிவப்பு.

2 ஏப்ரல்
இனி வேல்விழியைக் கேட்காமல் சிவப்புச் சரக்கு சூளைக்குள் போகக்கூடாது என்று யூனிட்டில் உத்தரவு. வேலை கூடிவிட்டது, அவளுக்கு மேசை பத்தவில்லை. டி.வி. ஸ்டாண்டைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். டி.வி. இப்போது தரையில்; அக்கா சீரியலைக் குனிந்து பார்க்கிறாள். பார்க்கட்டும்.