செத்த குதிரை காக்கும் கட்டம்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகு, நீ எழுதிய செஸ் புரோகிராமை நான் திறக்கவே இல்லை. அப்பாதான் திறந்தார். சிஞ்ச்வட் வீட்டில், உன் மேசையில், தினமும் சாயங்காலம் ஒரு ஆட்டம். அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. அந்த மனுஷன் வாய்விட்டுப் பேசுவதே அந்த ஒரு மணி நேரம்தான், அதுவும் திரையோடு.

போன வாரம் ரஞ்சன்காவ் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன், அவர் பின்னால் நின்று பார்த்தேன். புரோகிராம் தன் மந்திரியை அவருடைய யானைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. துணைக்கு ஒரு காயும் கிடையாது. அப்பா வெட்டவில்லை.

"என்னப்பா, மந்திரி ஓசியில நிக்குது, வெட்டுங்க!"

"லேய், சும்மா இரு. அங்க குதிரை காவல் நிக்குல்லா."

எந்தக் குதிரை? அதை அவர் எப்போதோ வெட்டிவிட்டார். வெட்டுப்பட்ட காய்களோடு ஓரத்தில் கிடந்தது. இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை அவர் கேம்ப் கடைத்தெருப் பக்கம் போன நேரத்தில் உன் புரோகிராமின் கோடிங்கைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் வெட்டு தொடங்கினால், இவன் வெட்ட, அவன் திருப்பி வெட்ட, எல்லாம் ஓய்ந்த பிறகு யாருக்கு லாபம் என்று கணக்குப் போடும் பகுதி. யார் எந்தக் கட்டத்தைக் காக்கிறார்கள் என்று அதற்கு ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறாய். செத்த காயை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாக் காய்க்கும் எடுத்திருக்கிறாய், குதிரைக்கு மட்டும் மறந்துவிட்டாய். அதனால் குதிரை விழுந்த இடத்திலேயே நின்று காவல் காக்கிறது.

அடிப்பாவி! என் தப்பைக் கண்டுபிடிக்கவே பிறந்தவள், நீயா இதை விட்டாய்? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்தேன். அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியும்லே. எப்பவோ தெரியும். செத்தது அங்கேயே நிக்குன்னு அது நம்புது. நம்பிட்டுப் போகட்டும்னுதான் நான் வெட்டல. நீ அதை எடுத்துட்டா, நான் இனி யாரோட ஆட?"

சேர்த்த வரியை அழித்தேன். பிறகு அவர் ஆடிய பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தன் யானையால் குதிரையை வெட்டினால், அடுத்த நகர்த்தலிலேயே யானையை அந்தக் கட்டத்தைவிட்டு வெளியே எடுத்துவிடுகிறார். அதன் பிறகு அந்த ஆட்டம் முடியும்வரை, குதிரை விழுந்த கட்டத்தில் ஒரு காயையும் அவர் வைத்ததே இல்லை. தோற்கும் ஆட்டத்திலும் வைக்கவில்லை.

நேற்று என்னை ஆடச் சொன்னார். நான் குதிரையை வெட்டினேன்; அவரைப் போலவே, வெட்டிய காயை அடுத்த நகர்த்தலில் வெளியே எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மந்திரி வந்து, என் யானைக்கு எதிரே தைரியமாக நின்றது. வெட்டலாம் என்று மவுஸை நகர்த்தினேன். குதிரை விழுந்த காலிக் கட்டத்தைப் பார்த்தேன். பயமாக இருந்தது அக்கா, சத்தியமாகப் பயமாக இருந்தது. நான் வீட்டுக்குள் நுழையும்போது நீ நிமிர்ந்து பார்ப்பாயே, அதுபோல அந்தக் கட்டத்திலிருந்து யாரோ பார்த்தார்கள்.

நீ அங்கேயா நிற்கிறாய்? கால் வலிக்காதா உனக்கு?

அந்தக் கோடிங்கை இனித் தொட மாட்டேன். அப்பாவுக்குப் பிறகும் சாயங்காலம் வந்து உட்காருவேன். மந்திரியை வெட்ட மாட்டேன்.

உன்னிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத,
உன் தம்பி.