முதல் வார்த்தை ‘கடை’

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். படுத்தே கிடந்து வந்த குதிகால் புண் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அது ஆறிவிட்டதாக நீ ஊருக்கெல்லாம் சொன்ன பிறகும் ஆறவில்லை.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நான் இணையத்தில் நடத்தும் குழு உனக்குத் தெரியும். உன்னைச் சேர்த்ததே நான்தான். அங்கே விற்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சக்கர நாற்காலி விற்கிறவர்கூட வருகிறார். விற்கிறவர் முதல் வார்த்தையாகக் ‘கடை’ என்று போட வேண்டும், அவ்வளவுதான். வேண்டியவர் படிப்பார், வேண்டாதவர் தாண்டிப் போவார். ஒருவர் அழுதுகொண்டே எழுதியதற்குக் கீழே போய்க் கடை விரிக்கக் கூடாது. இந்த மரியாதையைக் காட்டவா உனக்கு வலித்தது?

‘ஒரு மகள்’ என்ற பெயரில் வந்த பதிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது, குளிக்கப் போனாலும் காது அந்த அறையிலேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தாள். பாவம், என்னைப் போல ஒருத்தி என்று நினைத்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட கறையோடு நம் வீட்டு நீலப் போர்வை. அதன்மேல் அம்மாவின் கால். அங்கே உனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கேள் என்று உனக்கு மட்டும் நான் அனுப்பிய படம். பக்கத்தில், ஆறிய கால் என்று யாருடைய காலையோ ஒட்டியிருந்தாய். நீ விற்கிற அந்தக் காற்று மெத்தை வந்த பிறகு அம்மாவைப் புரட்டவே தேவையில்லை என்று கடைசி வரி.

அருவருப்பு வந்தது, தம்பி. அந்தப் புண்ணைக் கழுவும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. போனில் நான் புலம்பியதையெல்லாம் நீ ‘உம்’ கொட்டிக் கேட்டதை அக்கறை என்று நினைத்தேன். மகளாக நடிக்கத் தெரிந்தவன், ஒரு வாரம் வந்து மகனாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். சீ, எழுதவே கூசுகிறது.

குழுவில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் இடையில் வீட்டுக்கு ஓடிவந்து மனைவியைப் புரட்டிவிட்டுப் போவார். அந்த மகளை நம்பி மெத்தை வாங்கினார், ஓடிவருவதை நிறுத்தினார். இப்போது அந்த அம்மாள் முதுகில் புண் ஆழமாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவர் யாரையும் திட்டவில்லை. தான்தான் காற்றைச் சரியாக அடிக்கவில்லையோ என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அந்தப் பதிவை எடுத்துவிட்டு, புரட்டுவதை நிறுத்தாதீர்கள் என்று குழுவில் எழுதினேன். மகளே சொல்லியிருக்கிறாளே, உங்களுக்கு என்ன தெரியும் என்று எனக்கே பதில் வருகிறது. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அசையாமல் கிடக்கிறார்களோ. நீதான் எழுத வேண்டும். முதல் வார்த்தை ‘கடை’. அடுத்து, நான் மகள் இல்லை, அம்மாவின் கால் ஆறவில்லை, மெத்தை இருந்தாலும் புரட்டுங்கள் என்று எழுது. இன்றைக்கே எழுது, கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. தன் பிள்ளை, படுத்துக் கிடப்பவர்களுக்கு உதவுகிற வேலை செய்வதாக, தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறாள். இப்போதும், தம்பிக்கா எழுதுகிறாய் என்று கேட்டாள். நன்றாக இருக்கச் சொன்னாள். ராத்திரி ஒரே பக்கமாகப் படுக்காமல் புரண்டு படுக்கச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்