அம்மு முட்டையிட்ட கதை

அன்பு மகன் ரமேஷ்பாபுவுக்கு அம்மா எழுதுவது. மட்டாஞ்சேரியில் நானும் அப்பாவும் கோழிகளும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே. போனை ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் அடுத்த வீட்டு ஷபானாவின் வீட்டுக்காரர் மஸ்கட் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போன பிறகு நாலு கோழிக்குஞ்சு வாங்கினோமே, பெட்டை என்றால் முட்டைக்கு, சேவல் என்றால் நீ லீவில் வரும் அன்று குழம்புக்கு என்று சட்டம் போட்டவரே அப்பாதான். மூன்று பெட்டை என்று தெரிந்துவிட்டது, நாலாவதுதான் அம்மு. அதைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார், தலையை நிமிர்த்தியதாம், ஆகவே பெட்டையாம். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றி நூலில் கட்டி அதன் தலைக்கு மேலே தொங்கவிட்டார், வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவலாம். மேலே ஃபேன் ஓடுகிறது, மோதிரம் சுற்றாமல் என்ன செய்யும்? ஆனால் அம்முவுக்கு மட்டும் கொண்டை சீக்கிரமே சிவந்தது, காலும் தடித்தது. பின்வீட்டுச் சேவியர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, வாலடியில் கூராக நீண்டு தொங்கும் இறகைக் காட்டி, "சேச்சி, இது பூவன்தான், சேவலேதான், சட்டியைக் கழுவி வெச்சோ" என்றார். அன்றைக்கு அவருக்கு நம் வீட்டில் சாயா கிடைக்கவில்லை. போன வாரம் விடிகாலையில் அம்மு கூவியே விட்டது. பாவம், தொண்டை கட்டியிருக்கிறது என்று அப்பா துளசித் தண்ணீர் புகட்டினார், முட்டையிட்டால் நம்புவாயா என்று என்னிடம் சண்டைக்கு வந்து, கூடையில் வைக்கோலும் பரப்பி வைத்தார். நான் சிரித்தேனே தவிர மனசு என்னவோ செய்தது. ரிட்டயரும் ஆகி, நீயும் போன பிறகு, இந்த மனுஷன் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவது அதனிடம்தான். பேப்பர் படிக்கும்போதுகூட அது மடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

நேற்றுக் காலையில் பார்த்தால் கூடையில் முட்டை. அப்பா முகத்தில் பெருமை தாங்கவில்லை. கையில் எடுத்தேன், நல்ல பெரிய வாத்து முட்டை. முக்குக் கடையில் கோழி முட்டை தீர்ந்துபோயிருக்கும், கிடைத்ததை வாங்கி வந்து ஒளித்து வைத்திருக்கிறார், இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டும் எது என்ன முட்டை என்று தெரியாத மனுஷன். மிளகைத் தூக்கலாகப் போட்டு ஆம்லெட் செய்து வைத்து, அம்முவின் முதல் முட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தலை நிமிராமல் நன்றாக இருக்கிறது என்றார், பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

அதனால் ராசா, லீவில் வரும்போது கோழிக் குழம்பு என்று வாய் திறந்துவிடாதே. தோப்பும்படிக்குப் போய் நல்ல மீனாக வாங்கி வந்து வைத்துத் தருகிறேன். ராத்திரி ஏசிக்கு நேராகப் படுக்காதே. நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, வந்த மறுநாள் விடிகாலையில் சேவல் கூவி உன்னை எழுப்பும், எழுந்து வந்து அப்பாவிடம் அம்மு இன்றைக்கு முட்டை போட்டாளா என்று கேள்.

உன் அம்மா,
பாக்கியலக்ஷ்மி