பால் கொட்டியிருக்கிறது

செவ்வாய் இரவு, ஐசலின் நகரம்

எலிஃபுக்கு மூன்றரை வயது. குழந்தைகளின் பேச்சை ஆராயும் எங்கள் ஆய்வகத்துக்குத் தாயுடன் வரும் துருக்கிக் குழந்தை. போன வாரம் வீடியோ பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பால் கோப்பையை முழங்கையால் தட்டிவிட்டாள். யார் கொட்டியது என்று தாய் கேட்டதும் "ஸூத் தோகுல்முஷ்" என்றாள். பால் கொட்டியிருக்கு.

துருக்கியில் நேரில் பார்த்ததற்கு ஒரு விகுதி, பார்க்காமல் ஊகித்ததற்கு வேறொரு விகுதி. இவள் பார்த்தவள், பார்க்காதவர் விகுதியைச் சொல்லிவிட்டாள். அதனால் இன்றைய கூட்டத்தில் பேராசிரியர் அதைப் பிழை என்று குறிக்கச் சொன்னார். பிழையில்லை என்று எனக்குத் தெரியும். அந்த விகுதி நன்றாகத் தெரிந்ததால்தான் அதை வைத்து நழுவுகிறாள். "வேறு கருத்து உண்டா?" என்று கேட்டார். நான் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டபின் ஊருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நீயும் டம்ளரைப் போட்டு உடைச்சிட்டு, 'உடைஞ்சிருக்கும்மா'ன்னு வந்து நிப்ப. சரி, அந்த மேடம்கிட்ட சொன்னியாடி?"

"இல்லம்மா, சொல்லாம விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா, நீ விட்டியா?"

நாளை காலை பிழைப் பட்டியல் முடிவாகிறது. எலிஃபின் வாக்கியம் பிழையாகவே பதிவாகிவிடும். பேராசிரியருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்திலும் முதல் வரி 'சொல்லாமல் விட்டுப்போனது' என்றுதான் வந்தது. அதை அழித்தேன். அது பிழையில்லை என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.