ஒரு சாவியை அந்தச் சாவியாக்கிய மொழிபெயர்ப்பாளர் மீது

அனுப்புநர்:
சலவைப் பிரிவுப் பணியாளர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
பொது மருத்துவமனை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் வாக்குமூலத்தின் ஆங்கிலப் பிரதியைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறேன். சென்ற மாதம் மூன்றாம் தேதி மருந்தறையில் இரண்டு பெட்டி ஊசி மருந்து காணாமல் போனது. பூட்டு உடைபடவில்லை. மருந்தறைச் சாவி தலைமைச் செவிலியரின் பொறுப்பு. என்னிடம் இருப்பது துணி அலமாரிச் சாவி மட்டுமே.

2. அன்று நான் ஏதாவது சாவியை விட்டுச் சென்றேனா என்று விசாரணையில் கேட்டார்கள். “வேல முடிஞ்சதும் சாவி ஒண்ண மேசைமேல வச்சிட்டுப் போனேன்” என்றேன். எந்தச் சாவி என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். வாசித்துக் காட்டும்படி கேட்டேன். “நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன், கையெழுத்தப் போடும்மா” என்றார். போட்டேன். மறுவாரமே என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த ஆணை, வாக்குமூலத்தின் ஆங்கிலப் பிரதியோடு வந்தது.

3. என் நாத்தனார் தட்டச்சு வேலை பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. வேறு வழியின்றி அந்த ஆங்கிலப் பிரதியை அவர் முன் நீட்டினேன். வாசித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முந்தைய வரி மருந்தறைச் சாவியைப் பற்றியது. அடுத்த வரியில் ‘ஏ கீ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தி கீ’ என்று இருக்கிறது. “தெருவுல ஏதோ ஒரு நாய்னா ‘ஏ’. நேத்து உங்களக் கடிச்ச அதே நாய்னா ‘தி’. இதப் படிக்கிறவன் மருந்தறைச் சாவியத்தான் நினைப்பான், அண்ணி” என்றார்.

4. மொழிபெயர்ப்பாளரிடம் போய்க் கேட்டேன். தேநீர் குடித்துக்கொண்டே, அது சின்னச் சொல், பெரிதுபடுத்தாதே என்றார். சின்னச் சொல்தான் ஐயா. அதனால் நான்கு வாரமாக என் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். தலைமைச் செவிலியர் அன்று சாவியை யாரிடம் கொடுத்தார் என்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையையே அந்தச் சின்னச் சொல் தீர்த்துவிட்டது.

5. நேற்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால், கருணையோடு மன்னித்து மீண்டும் வேலையில் சேர்ப்பதாக அதில் உள்ளது. அந்தக் கருணையைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். செய்யாததற்கு நான் வருந்தப் போவதில்லை.

ஆகவே, கோப்பில் அந்தச் சொல்லை அடித்து, சரியான சொல்லை எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரே ஒப்பமிட வேண்டும். விசாரணை மருந்தறைச் சாவியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பதினைந்து நாளில் இது நடக்காவிட்டால், இம்மனுவின் நகலோடு தங்கள் மேலதிகாரியின் அறைக்கு வெளியே உட்காருவேன். நாத்தனாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாள்: 17.06.2019
இடம்: பணியாளர் குடியிருப்பு

இப்படிக்கு,
நானே படித்துப் பார்த்த பிறகு ஒப்பமிடும்,
(ஒப்பம்)
சலவைப் பிரிவுப் பணியாளர்